தானாக ஓடும் எண்ணத்தைப் பிடிப்பது: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

மேலாளரிடமிருந்து ஒரு வரிச் செய்தி வருகிறது. அடுத்த நொடியே வேலை போய்விட்டதாக மனம் முடிவு கட்டிவிடுகிறது. உறவினர் போனில் ஏதோ கேட்கிறார். யோசிக்கும் முன்பே வாய் ‘சரி’ என்றுவிடுகிறது. இரண்டிலும் நடப்பது ஒன்றுதான். பல வருடம் ஓடிப் பழகிய எண்ணம் நம்மைக் கேட்காமலே ஓடி முடித்துவிடுகிறது. அது கிளம்புவதை யாராலும் தடுக்க முடியாது. ஆனால் அது கிளம்பியதும் கையும் வாயும் என்ன செய்ய வேண்டும் என்பதை, நிதானமாக இருக்கும் வேறொரு நேரத்தில் முடிவு செய்து வைத்துக்கொள்ளலாம். கீழே வரும் திருத்தங்கள் எல்லாம் இந்த ஏற்பாட்டை நம்பித்தான் நிற்கின்றன. கொதிக்கிற நேரத்தில் யோசித்துக்கொள்ளலாம் என்று விட்டுவைப்பவர்கள்தான் திரும்பத் திரும்பத் தோற்கிறார்கள்.

உங்களுக்குப் பொருந்தும் அறிகுறியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நேரத்தில் ஒன்று போதும். இரண்டைச் சேர்த்துத் தொடங்கினால் இரண்டும் பாதியில் நிற்கும்.

எதற்கும் முன்பு: மூன்று நாள் பதிவு

சட்டைப் பையில் அடங்கும் சின்ன நோட்டு ஒன்று, பேனா ஒன்று. போனில் குறித்துக்கொள்ளலாமே என்று தோன்றும்; வேண்டாம். போனைத் திறப்பதே இன்னொரு பழக்கத்தைக் கிளப்பிவிடும், குறிக்க வந்தது மறந்துபோகும்.

மனம் சட்டென்று மாறிய ஒவ்வொரு முறையும் மூன்று விஷயம் எழுதுங்கள்: எப்போது எங்கே, தலையில் ஓடிய வாக்கியம், அதற்கு அடுத்து நீங்கள் செய்தது. ஒரு நாளைக்கு ஐந்து பதிவு போதும். ஒரு பதிவு இப்படி இருக்கும்:

‘செவ்வாய் சாயங்காலம் 6.40, வீட்டு சோபா. மேனேஜர் வாட்ஸ்அப்: காலையில வந்ததும் என்னைப் பாருங்க. / போச்சு, அந்த ரிப்போர்ட்ல ஏதோ தப்பு, என்னைத் தூக்கப் போறாங்க. / பழைய மெயில் எல்லாம் திறந்து 50 நிமிஷம் தேடினேன். தோசை ஆறிப்போச்சு.’

இதில் இரண்டு தவறுகள் அடிக்கடி நடக்கும். ‘பயமாக இருந்தது’ என்று எழுதுவது முதலாவது. பயம் உணர்ச்சி, அதைக் கிளப்பிய வாக்கியம் வேறு. ‘என்ன ஓடியதால் பயம் வந்தது?’ என்று கேட்டால் அந்த வாக்கியம் வெளியே வரும். இரண்டாவது, எண்ணத்தை நல்ல தமிழில் திருத்தி எழுதுவது. ‘என்னைத் தூக்கப் போறாங்க’ என்று வந்ததை ‘எனது பணி பறிபோகலாம்’ என்று எழுதினால் சூடு போய்விடும். கட்டுரை எழுதுகிற மாதிரி ஆகிவிடும். வந்த பேச்சில், வந்த வசவோடு அப்படியே எழுதுங்கள். பாதி ஆங்கிலத்தில் வந்தால் பாதி ஆங்கிலத்திலேயே.

1960களில் அமெரிக்காவின் பிலடெல்ஃபியாவில் மனநல மருத்துவர் ஆரன் பெக், தம்மிடம் வந்தவர்கள் வெளியே பேசுவதற்கு அடியில் இன்னொரு பேச்சு ஓடிக்கொண்டே இருப்பதைக் கவனித்தார். எடுத்துக் கேட்டால் சொல்வார்கள். கேட்காவிட்டால் அது ஓடுவதே அவர்களுக்குத் தெரியாது. தானியங்கி எண்ணங்கள் என்று அவர் பெயர் வைத்தது அதற்குத்தான். மூன்று நாள் பதிவு, அந்தக் கேள்வியை உங்களையே கேட்க வைக்கிறது. மூன்றாம் நாள் இரவு நோட்டைப் புரட்டிப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டு மூன்று வாக்கியங்களே வேறுவேறு உடை போட்டுக்கொண்டு வந்திருக்கும்.

அறிகுறி: சின்னச் செய்தி, உடனே பெரிய முடிவு

மேலே உள்ள பதிவு இந்த வகை. டாக்டர் ‘இன்னொரு டெஸ்ட் எடுத்துடலாம்’ என்றதும் நோயை முடிவு செய்வது, பிள்ளை போன் எடுக்காவிட்டால் விபத்தை நினைப்பது எல்லாம் இதே குடும்பம்.

காரணம்: தகவல் பாதிதான் இருக்கிறது; மீதியை மனம் தன் பழைய கையிருப்பிலிருந்து நிரப்புகிறது. ஆபத்தைத் தவற விடுவதைவிட இல்லாத ஆபத்துக்கு ஓடுவது மேல் என்பது அதன் கணக்கு.

எண்ணத்தை எழுதி, அதை எவ்வளவு நம்புகிறீர்கள் என்று 0 முதல் 100க்குள் ஒரு எண் போடுங்கள். 90 என்று வைப்போம். பிறகு ஒரு கோடு கிழித்து, கேமராவில் பதிவாகக்கூடியதை இடதுபக்கம் எழுதுங்கள்: ‘காலையில் வந்ததும் என்னைப் பாருங்க என்று செய்தி வந்தது.’ அவ்வளவுதான் பதிவாகும். ரிப்போர்ட், தப்பு, தூக்குவது எல்லாம் வலதுபக்கம் போகும். இப்போது அதே செய்திக்கு இன்னும் மூன்று காரணங்கள் எழுதுங்கள். அதில் ஒன்றாவது சலிப்பூட்டும் அளவுக்குச் சாதாரணமாக இருக்கட்டும். லீவு பட்டியல், புதிதாகச் சேர்ந்தவருக்கு வேலை காட்டுவது, வாடிக்கையாளர் கேட்ட விவரம். அதன்பின், பயந்ததே நடந்தால் முதல் நாள் செய்யும் முதல் காரியம் என்ன என்று ஒரு வரி. கடைசியாகத் திரும்ப எண் போடுங்கள்.

90 என்பது 55க்கு இறங்கினால் வேலை முடிந்தது. நோட்டை மூடிவிட்டுச் சாப்பிடப் போகலாம். பூஜ்யத்துக்குக் கொண்டுவரப் பார்க்காதீர்கள். உண்மையில் யாருக்கும் தெரியாத ஒன்றில் பூஜ்யம் வராது, வராததால் இன்னும் பதற்றம்தான் கூடும்.

*எண் இறங்கவே இல்லை என்றால்:* பயந்த எண்ணத்துக்குப் பதிலாக நீங்கள் எழுதிய வாக்கியத்தை எடுத்துப் பாருங்கள். ‘எல்லாம் நல்லதுக்கே’, ‘நான் தைரியசாலி’ என்று எழுதியிருந்தால் பழுது அங்கேதான். மனம் நம்பாத வாக்கியம் மருந்தாகாது. நீங்களே குறைந்தது 60 மதிப்பெண் போடக்கூடிய வாக்கியமாக இருக்க வேண்டும்: ‘என்ன விஷயம் என்று இன்னும் தெரியாது. போன தடவை இப்படிக் கூப்பிட்டது ஷிஃப்ட் மாற்றத்துக்கு. நாளை 9.30க்குத் தெரிந்துவிடும்.’ இந்த வாக்கியத்தில் ஆறுதல் குறைவு. ஆனால் பிடித்து நிற்க முடியும்.

அறிகுறி: எண்ணமே தெரிவதில்லை, கத்தி முடித்த பிறகுதான் தெரிகிறது

இதில்தான் மனிதர்கள் தங்களையே வெறுத்துப்போகிறார்கள். அதனால் இதைச் சற்று விரிவாகப் பார்க்கலாம்.

எண்ணம் கண்ணிமைக்கும் நேரத்தில் கடந்துவிடுகிறது. கோபத்தில் அதைவிட வேகம். அதை நேராகப் பிடிக்க முயலாதீர்கள், உடம்பைப் பிடியுங்கள். தாடை இறுகுவது, காது சூடாவது, தோள் மேலேறுவது, குரல் ஒரு சுருதி உயர்வது. ஒவ்வொருவருக்கும் இதில் ஒன்று முதலில் வரும். உங்களுக்கு எது என்று வீட்டில் இருப்பவரைக் கேளுங்கள். உங்களைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

பிடிக்கும் இடம் மெதுவாகப் பின்னோக்கி நகரும். முதல் வாரம் கத்திப் பத்து நிமிடம் கழித்துப் பிடிபடும். அதையும் வெற்றியாகக் குறியுங்கள். பிறகு கத்திக்கொண்டிருக்கும்போதே தெரியும். அதற்கும் பிறகுதான் வாய் திறக்கும் முன். முதல் நாளே கடைசிப் படியில் நிற்க நினைப்பவர்கள் நான்காம் நாள் விட்டுவிடுகிறார்கள்.

இனி முன்கூட்டிய முடிவு. ‘இது நடந்தால், இதைச் செய்வேன்’ என்ற ஒரே வாக்கியம். ஜெர்மன் உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் இந்த வடிவத்தைப் பல வருடம் ஆராய்ந்தவர். 2006ல் அவரும் பாஸ்கல் ஷீரனும் 94 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தபோது, வெறுமனே ‘செய்ய வேண்டும்’ என்று நினைத்தவர்களைவிட, இப்படி இடத்தையும் செயலையும் முடிச்சுப்போட்டு வைத்தவர்கள் தெளிவாக முன்னால் நின்றார்கள். பழைய பழக்கம் ஏறி ஓடும் அதே தண்டவாளத்தில் புதிய செயலையும் ஏற்றிவிடுவதுதான் இதன் சூட்சுமம். அந்த நொடியில் யோசிக்க வேண்டியதில்லை.

எடுத்துக்காட்டு: ‘வேலையிலிருந்து வந்து கதவைத் திறந்ததும் செருப்பும் புத்தகப்பையும் நடுவில் கிடப்பதைக் கண்டால், நேராகச் சமையலறைக்குப் போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்து முடித்த பிறகுதான் வாய் திறப்பேன்.’

இதை ஞாயிற்றுக்கிழமை காலை, யாரும் யாரோடும் சண்டையில் இல்லாத நேரத்தில், நடந்தே ஒத்திகை பாருங்கள். செருப்பைக் கலைத்துப் போடுங்கள். வெளியே போய்க் கதவைத் திறந்து உள்ளே வாருங்கள். கண் செருப்பில் விழட்டும். கால் சமையலறைப் பக்கம் திரும்பட்டும். டம்ளர் எப்போதும் இருக்கும் இடத்தில் இருக்கட்டும். உட்கார்ந்து குடியுங்கள், கடைசி மடக்கு இறங்கிய பின் ஒரு மூச்சை நாலு எண்ணும்வரை இழுத்து, ஆறு எண்ணும்வரை விடுங்கள். கதவிலிருந்து தொடங்கி இந்த முழு ஒத்திகையையும் ஐந்து தடவை. பிள்ளைகள் பார்த்துச் சிரித்தால் நல்லது, அவர்களுக்கும் விஷயம் தெரிந்துவிடும்.

வாக்கியம் வேலை செய்யாவிட்டால் இங்கே பாருங்கள். ‘கத்த மாட்டேன்’ என்று எழுதியிருந்தால் அது செயலே இல்லை. கைக்கும் காலுக்கும் ஒரு வேலை வேண்டும். ‘கோபம் வந்தால்’ என்று தொடங்கியிருந்தால் அடையாளம் மங்கல். கண்ணுக்குத் தெரியும் பொருள், இடம், நேரம் வேண்டும். நான்கு வாக்கியம் எழுதியிருந்தால் மூன்றைக் கிழித்துப் போடுங்கள்.

இத்தனையும் சரியாக இருந்தும் நடக்கவில்லையா? மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எப்போது சாப்பிட்டீர்கள் என்று பாருங்கள். ஒரு மணிக்குச் சாப்பிட்டு, பேருந்தில் நின்று, எட்டு மணிக்கு வெறும் வயிற்றோடு வீடு சேர்கிறவருக்கு எந்த வாக்கியமும் உதவாது. ஐந்து மணிக்கு இரண்டு கைப்பிடி சுண்டலோ ஒரு வாழைப்பழமோ அதிகம் உதவும். தூக்கம் ஐந்து மணி நேரத்துக்குக் குறைந்த நாட்களும் அப்படித்தான்.

அறிகுறி: யோசிக்கும் முன்பே ‘சரி’ சொல்லி, பிறகு உள்ளுக்குள் குமுறுவது

‘தம்பி, ஞாயித்துக்கிழமை உன் வண்டி ஒரு நாள் வேணுமே.’ ‘சரிங்க மாமா.’ போனை வைத்த பிறகுதான் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைக்குப் பரீட்சை இருப்பது நினைவுக்கு வருகிறது.

இதில் ஓடும் எண்ணம் ‘இல்லைன்னா என்ன நினைப்பாங்க’ என்பது. அதோடு வாதாட அந்த நேரத்தில் இடமில்லை. அவர் லைனில் காத்திருக்கிறார். அதனால் மறுப்பதைப் பழக வேண்டாம், தள்ளிவைப்பதைப் பழகுங்கள். ஒரே வாக்கியத்தை மனப்பாடம் செய்யுங்கள்: ‘மாமா, வீட்ல ஒரு வார்த்தை கேட்டுட்டு சாயங்காலம் ஏழு மணிக்குள்ள நானே கூப்பிடுறேன்.’ வாக்கியத்தில் மணி இருக்க வேண்டும். ஏழு மணிக்கு முன் நீங்களே கூப்பிடவும் வேண்டும். கூப்பிடாமல் விட்டால் அது ஏமாற்று. அடுத்த முறை மாமா பதில் வாங்காமல் போனை வைக்க மாட்டார்.

மறுப்பதானால் காரணம் ஒன்று போதும். மூன்று சொன்னால் மூன்றுக்கும் வழி சொல்வார்கள்: ‘பரீட்சைக்கு ஆட்டோல போகலாமே.’ ‘இந்த ஞாயிறு பரீட்சை இருக்கு மாமா, வண்டி தர முடியல’ என்று சொல்லி நிறுத்துங்கள். அதற்குப் பின் வரும் அமைதிதான் ஆபத்தான இடம். அதை நிரப்பப் போய்த்தான் திரும்ப ‘சரி’ வந்துவிடும். மனத்துக்குள் மூன்று எண்ணுங்கள்.

மறுக்கும் முன் நோட்டில் உங்கள் கணிப்பை எழுதிவையுங்கள்: ‘மாமா மூணு மாசம் பேச மாட்டார்.’ இரண்டு வாரம் கழித்து எதிரே நடந்ததை எழுதுங்கள். இப்படி எட்டுப் பத்துக் கணிப்பு சேர்ந்தால், உங்கள் மனத்தின் கணிப்பு எவ்வளவு தேறுகிறது என்று அதன் கையெழுத்திலேயே தெரியும். சில கணிப்பு பலிக்கவும் செய்யும். அவை யார் யாரிடம் என்று தெரிந்துகொள்வதும் உதவி.

அறிகுறி: படுத்ததும் மனம் ஓடத் தொடங்குகிறது

பகலெல்லாம் வேலை அடக்கி வைத்திருந்ததற்கு முதல் காலியிடம் படுக்கைதான். ‘நினைக்காதே’ என்று சொன்னால் கூடும். 1987ல் டேனியல் வெக்னர் செய்த சோதனை இதைக் காட்டியது: வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள் என்று சொல்லப்பட்டவர்களால் அதைத் தள்ளவும் முடியவில்லை, பிறகு நினைக்கலாம் என்று விட்டதும் அது மற்றவர்களைவிட அதிகமாக வந்தது. எனவே தடுக்காமல் நேரம் ஒதுக்கிக் கொடுங்கள்.

தினமும் ஒரே நேரம், ஒரே நாற்காலி, 20 முதல் 30 நிமிடம். மாலை 6 மணி போல நல்லது. படுக்கப்போகும் முன் இரண்டு மணி நேரத்துக்குள் வேண்டாம், படுக்கையில் அறவே வேண்டாம். பகலில் கவலை தலைகாட்டும்போது இரண்டு சொல் குறியுங்கள்: ‘நகைக்கடன்’, ‘அம்மா முழங்கால்’. ஆறு மணிக்கு என்று சொல்லித் தள்ளுங்கள். ஆறு மணிக்குப் பட்டியலை எடுத்து, செத்துப்போன கவலைகளை அடித்துவிட்டு, மீதியை இரண்டாகப் பிரியுங்கள். ஏதாவது செய்யக்கூடியது என்றால் முதல் படி, நாள், மணி: ‘நகைக்கடன்: வியாழன் 11 மணி, வங்கியில் வட்டி எவ்வளவு என்று கேட்பது.’ செய்ய ஒன்றுமில்லாதது என்றால் நேரம் முடியும்வரை அதை முழுதாகக் கவலைப்பட்டு எழுதுங்கள்.

இது பலிக்காமல் போக ஒரே பெரிய காரணம், ஆறு மணிக்கு உட்காராமல் விடுவது. ‘இப்போ நல்லாத்தானே இருக்கேன்’ என்று இரண்டு நாள் தாண்டினால், மனம் தள்ளிவைப்பதை நம்பாது, இரவே பேசிவிடும். கவலை இல்லாத நாளிலும் ஐந்து நிமிடமாவது அந்த நாற்காலியில் உட்காருங்கள்.

படுத்து இருபது நிமிடம் போலத் தூக்கம் வராவிட்டால் எழுந்துவிடுங்கள். மங்கிய விளக்கில் துணி மடிப்பது போன்ற சுவையற்ற வேலை. கண் சொக்கியதும் திரும்பப் படுங்கள். கடிகாரம் பார்க்க வேண்டாம், உத்தேசம் போதும்.

யோசிக்கிறேனா, சுற்றுகிறேனா என்று சந்தேகம் வந்தால்: இரண்டு நிமிடம் யோசித்த பிறகு ஒரு முடிவோ, ஒரு படியோ, புதிதாக ஒரு தகவலோ கிடைத்ததா? இல்லையென்றால் சுற்றல். ‘எனக்கு மட்டும் ஏன்’ என்று தொடங்கும் கேள்வியை ‘அடுத்து என்ன, எப்போது’ என்று மாற்றிப் போடுங்கள்.

அறிகுறி: கை தானாகப் போனை எடுக்கிறது

இங்கே எண்ணத்தைத் தேட வேண்டாம், இடத்தை மாற்றுங்கள். கை தானாகத் திறக்கும் செயலியைப் போனின் முகப்பிலிருந்து நீக்கி, கணக்கிலிருந்து வெளியேறி வையுங்கள். அது இருந்த அதே மூலையில் குறிப்பேட்டுச் செயலியை வையுங்கள். கட்டைவிரல் பார்க்காமலே அங்கே போய்க் குறிப்பேட்டைத் திறக்கும். அந்த நொடிதான் நீங்கள் விழிக்கும் இடம். இரவில் போன் வேறு அறையில் சார்ஜ் ஆகட்டும். எழுப்பத் தனி அலாரம் கடிகாரம் வாங்குங்கள். எடுத்துவிட்ட இடத்தில் கைக்கு வேறொன்று வைக்காவிட்டால் ஒரு வாரத்தில் பழையபடி ஆகிவிடும்.

அறிகுறி: எண்ணத்தை எப்படிப் புரட்டினாலும் அது சரியாகவே இருக்கிறது

அப்படியானால் அது சரிதான். சம்பளம் மூன்று மாதம் வராதவருக்கு ‘அடுத்த மாதம் வாடகை கொடுக்க முடியாது’ என்பது கோணல் எண்ணம் அல்ல. வீட்டில் அடி வாங்குகிறவருக்கு ‘இன்னைக்கும் அடி விழும்’ என்பதும் அப்படித்தான். அங்கே எண்ணத்தை மாற்றச் சொல்வது அநியாயம். நோட்டை மூடிவிட்டு, சூழ்நிலையை மாற்ற யார் உதவுவார்கள் என்று பட்டியல் போடுங்கள். இந்தியாவில் பெண்களுக்கான உதவி எண் 181.

அறிகுறி: எழுதுவதே ஓயாத சடங்காகிவிட்டது

ஒரே பயத்தை நாளுக்கு இருபது முறை எழுதிப் பார்ப்பது, எழுதியதை மனைவியிடம் காட்டி ‘சரிதானே’ என்று கேட்டுக்கொண்டே இருப்பது, கேஸ் மூடியிருக்கிறதா என்று திரும்பத் திரும்ப எழுந்து பார்ப்பது. இது தெரிந்தால் இந்த வழிமுறையை நிறுத்துங்கள். ஒரே எண்ணமும் செயலும் ஓயாமல் திரும்பத் திரும்ப வரும் மனச்சுழல் நோயில் (ஓசிடி) எழுதிப் பார்ப்பதே ஆறுதல் தேடும் பழக்கமாகி நோயை வளர்க்கும். அதற்கான பயிற்சி வேறு, உளவியலாளரோடு சேர்ந்து செய்வது. இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல், தூக்கமும் பசியும் மாறியிருந்தாலும் மருத்துவரைப் பாருங்கள். செத்துவிடலாம் என்ற எண்ணம் வந்தால் அதே நாள்: இந்தியாவில் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, தமிழிலும் பேசலாம், இலங்கையில் 1926.

அறிகுறி: இரண்டு வாரம் நன்றாக இருந்தது, இப்போது பழைய கதை

21 நாளில் பழக்கம் மாறும் என்ற கணக்கை நம்பியவர்களுக்குத்தான் இந்த ஏமாற்றம் அதிகம். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை 12 வாரம் பின்தொடர்ந்தார்கள். ஒரு எளிய செயல் தானாக நடக்கத் தொடங்க நடுத்தரமாக 66 நாள் ஆனது; சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள் ஆகும் என்று கணித்தார்கள். இடையில் ஒரு நாள் விட்டது பெரிதாகப் பாதிக்கவில்லை என்பதும் அதில் தெரிந்தது. எனவே விட்ட அன்றே தொடருங்கள். ஒன்றாம் தேதிக்குக் காத்திருக்காதீர்கள்.

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். பழைய தடம் அழியாது என்ற அளவில் அது சரி. புதிய தடம் போட முடியாது என்று எடுத்துக்கொண்டால் தவறு. புதியது அது போடப்பட்ட இடத்தில்தான் முதலில் வலுவாக இருக்கும். இடம் மாறினால், சோர்வு கூடினால், பழையது மேலே வரும். பண்டிகைக்கு ஊருக்குப் போய், பழைய வீட்டில், பழைய மனிதர்கள் நடுவே நான்கு நாள் இருந்தால் குரலும் பழையபடி ஏறும். இது எதிர்பார்க்க வேண்டிய பழுது. போகும் முன்பே அந்த வீட்டுக்கென்று ஒரு வாக்கியம் எழுதுங்கள், செயலைப் பாதியாகக் குறைத்து: ‘பெரியப்பா கல்யாணப் பேச்சை எடுத்தால், எழுந்து கொல்லைப்புறம் போய் முகம் கழுவிட்டு வருவேன்.’ திரும்பி வந்த அன்றே, பெட்டியைப் பிரிக்கும் முன், செருப்பைக் கலைத்துப் போட்டுக் கதவிலிருந்து சமையலறைவரை மூன்று தடவை நடந்துவிடுங்கள்.